வரைபடத்தில் போட்ட கோடு: கோவையில் ஸ்கீம் ரோடுகளுக்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

கேள்வி இது: "கோயம்புத்தூரில் எந்தப் புது ரோடு என்றாலும் யாராவது எதிர்க்கிறார்கள். மேற்குப் புறவழிச்சாலைக்கும் எதிர்ப்பு, மாஸ்டர் பிளான் ரோடுகளுக்கும் எதிர்ப்பு. சத்தி ரோட்டில் தினமும் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் என்ன செய்வது? நகரம் வளர வேண்டாமா? இன்னொன்று, விளாங்குறிச்சிப் பக்கம் நாங்கள் வாங்கிய 5 சென்ட் சைட்டில் ஸ்கீம் ரோடு போகிறது என்று இப்போது சொல்கிறார்கள். அப்படியென்றால் என்ன?"

முதலில் ஸ்கீம் ரோடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எதிர்ப்பு ஏன் என்பது பாதி புரிந்துவிடும். முப்பது வருடமாக இந்த ஊரைச் சுற்றி லே-அவுட்டுக்கு அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன் நான். ரோடு வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை. ரோடு இல்லாமல் சைட் இல்லை, சைட் இல்லாமல் எனக்கு வேலை இல்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. நகரத்துக்கு முழுமைத் திட்டம், அதாவது நாம் மாஸ்டர் பிளான் என்கிறோமே, அதைப் போடுவது இந்தச் சட்டப்படிதான். சின்னச் சின்னப் பகுதிகளுக்குத் தனித்தனியாக விரிவான வளர்ச்சித் திட்டம் போடுவதும் இதன்படியே. இது குடியிருப்பு, இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று நிறம் பூசி, அதன் மேல் எதிர்காலச் சாலைகளைக் கோடாக வரைவார்கள். 40 அடி, 60 அடி, 80 அடி, 100 அடி. அந்தக் கோடுகள்தான் ஸ்கீம் ரோடு. கோடு வரைந்த அன்று அங்கே ரோடும் கிடையாது, அரசு நிலத்தை வாங்கியும் இருக்காது. சோளக்காட்டின் மேலும் தென்னந்தோப்பின் மேலும் யாரோ ஒருவருடைய கிணற்றின் மேலும் ஒரு கோடு மட்டும் போயிருக்கும்.

எனக்கு இது நன்றாக உறைத்தது ஒரு காட்டில் வைத்துத்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால், ஊரின் வடகிழக்கே இரண்டரை ஏக்கர் வைத்திருந்த ஒரு பெரியவர் பாகப்பிரிவினைக்காக அளக்கக் கூப்பிட்டார். நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வரப்பில் விரித்து, எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, டேப் பிடித்து அளந்துகொண்டே வந்தோம். மாஸ்டர் பிளான் நகலை அதன் மேல் பொருத்திப் பார்த்தபோது ஒரு 80 அடி ரோடு அவருடைய கிணற்று மேட்டையும் மோட்டார் ரூமையும் தாண்டி, நிலத்தைக் கோணலாக இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. அவர் குனிந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, இந்தக் கோட்டை யார் போட்டாங்க? எங்கிட்ட யாரும் கேக்கலீங்களே?" என்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கோடு போட்டுப் பல வருடமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கிணற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இத வெட்டறப்ப எனக்குப் பன்னெண்டு வயசு" என்றார்.

அந்த ரோடு அங்கே இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அந்தக் கோடு வேலை செய்துகொண்டே இருந்தது. மகளுக்குக் கல்யாணம் என்று அரை ஏக்கர் விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் மாஸ்டர் பிளானைத்தான் பார்த்தார்கள், பார்த்ததும் பாதி விலைக்குக் கேட்டார்கள். வீடு கட்ட அனுமதி கேட்டால் ரோட்டுக்கு விட்டதுபோக மீதியில் கட்டு என்று பதில். நிலத்துக்குப் பணமும் வரவில்லை, நிலம் முழுதாகக் கையிலும் இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் நடக்கும் சண்டை ரோடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. கோட்டைப் போட்டுவிட்டு, நிலத்தை எடுக்கவும் செய்யாமல், விடவும் செய்யாமல் பல வருடம் வைத்திருக்கிறார்களே, அதன் மேல் உள்ள கோபம்தான் ஒவ்வொரு புது ரோட்டின் மேலும் வந்து விழுகிறது. எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் என்று சொல்லாமல் போடும் கோடு அநியாயம்.

இதைச் சட்டம் யோசிக்காமல் இல்லை. அதே 1971ஆம் வருடச் சட்டத்தில் 38ஆம் பிரிவு இருக்கிறது. திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள், அதில் ஒதுக்கிய நிலத்தை எடுப்பதற்கான அறிவிப்பு வர வேண்டும், அல்லது உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்து வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். இதை வைத்து சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் நில உரிமையாளர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை? சட்டப்புத்தகத்தில் விடுபட்ட நிலம் வரைபடத்தில் விடுபடுவதில்லை. அலுவலகத்தில் இருப்பவர் பார்ப்பது வரைபடத்தைத்தான். அதில் கோடு இருக்கிறவரை தடையில்லை என்று எழுதிக் கொடுக்க அவருக்குக் கை வராது. ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் வைத்து, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி வர வேண்டும். பெரிய பில்டருக்கு அது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். 5 சென்ட் வைத்திருப்பவருக்கு அது இரண்டு வருடச் சம்பளம். 3 ஆண்டு கடந்த கோடுகளைத் துறையே முன்வந்து அழித்திருந்தால், அல்லது இவை மட்டும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பணம் கொடுத்து எடுத்திருந்தால், இன்றைக்கு எதிர்ப்பில் பாதி இருந்திருக்காது.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு முற்றியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோவையின் முழுமைத் திட்டம் 1994இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த திட்டத்தின் வரைவு 2024 பிப்ரவரியில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது, 2041ஐக் குறிவைத்து. இறுதி வடிவம் 2025இல் வெளியானது. நடுவில் முப்பது வருடம். இந்த முப்பது வருடத்தில் ஊர் எப்படி மாறியது என்று பாருங்கள். 2011இல் மாநகராட்சி எல்லை சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி, வெள்ளக்கிணறு பேரூராட்சிகளும் உள்ளே வந்தன. சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. விளாங்குறிச்சியில் சோளம் விளைந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்தது. ஊர் இப்படிப் பெருத்துக்கொண்டிருந்தபோது, ரோடு எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தது 1994ஆம் வருடத்து வரைபடம்.

ஆனால் ரோடே வரவில்லையா என்றால், வந்தது. துண்டு துண்டாக. நீங்கள் உங்கள் பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். அருமையான 60 அடி தார் ரோடு, நடுவில் விளக்குக் கம்பம், இரண்டு பக்கமும் வீடுகள். முந்நூறு மீட்டர் போனதும் திடீரென்று ஒரு வேலிக்காத்தான் புதரும் கம்பி வேலியும் குறுக்கே நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்பைச் சுற்றிக்கொண்டு பத்தடி மண் தடத்தில் போனால் மறுபடியும் 60 அடி ரோடு ஆரம்பிக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒருவர் 8 ஏக்கரை லே-அவுட் போட அப்ரூவலுக்குக் கொடுக்கிறார். அந்த இடத்தில் மாஸ்டர் பிளான் ரோடு போகிறது என்றால், அந்த அகலத்தை விட்டு வரைந்து, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி. அரசுக்கு ஒரு பைசா செலவில்லாமல் ரோடு கிடைத்துவிடுகிறது. அவருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் 60 அடி ரோட்டைப் பார்த்த சைட் கூடுதல் விலைக்குப் போகும். இந்த ஏற்பாடு பெரிய நிலத்துக்காரருக்குச் சரியாகப் பொருந்துகிறது. பக்கத்தில் முக்கால் ஏக்கர் வைத்து மாடு கட்டிப் பால் ஊற்றிப் பிழைக்கிறவருக்கு லே-அவுட் போடும் எண்ணமே கிடையாது. அவருடைய நிலத்தில் ரோட்டுக்குப் போனது போக மீதி எதற்கும் உதவாத முக்கோணமாக நிற்கும். அவர் ஏன் தானமாகக் கொடுக்க வேண்டும்? வேலி போட்டுக்கொண்டு உட்காருகிறார். பேப்பரில் அவருக்கு 'வளர்ச்சிக்குத் தடையாக இருப்பவர்' என்று பெயர். அவருடைய முக்கால் ஏக்கரைச் சந்தை விலை கொடுத்து வாங்க யாரும் இதுவரை பணம் ஒதுக்கவில்லை என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

மேற்குப் புறவழிச்சாலை விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே அரசு நிலத்தை எடுத்துப் பணமும் கொடுக்கிறது. மதுக்கரை பக்கம் மைல்கல் என்ற ஊரில் ஆரம்பித்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டர். பத்தாண்டுக்கு மேல் பேச்சாகவே இருந்து, மைல்கல் முதல் மாதம்பட்டி வரையான முதல் கட்டத்தின் வேலை 2023இல் தொடங்கியது. பாலக்காட்டிலிருந்து வரும் லாரி மேட்டுப்பாளையம் போக உக்கடத்துக்குள் ஏன் வர வேண்டும்? இந்தச் சாலையின் நியாயம் எனக்குப் புரிகிறது. நீலாம்பூர் – மதுக்கரை புறவழிச்சாலை கிழக்குப் பக்கத்துக்குத்தான் உதவுகிறது. அதுவும் இருவழிப் பாதை, அதில் நடந்த விபத்துகள் ஊருக்கே தெரியும்.

ஆனால் எதிர்ப்பவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தீத்திபாளையம், மாதம்பட்டி பக்கமெல்லாம் நொய்யல் படுகை, வாழையும் தென்னையும் பாக்கும் காய்கறியும் விளைகிற நல்ல தோட்டங்கள். அதைத் தாண்டி மேற்கே போனால் மலை, யானைத் தடம். அதனால்தான் மலையடிவாரக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ரோடு மட்டும் வந்து நின்றுவிடும் என்றால் பாதிப்பு குறைவு. நான் இத்தனை வருடத்தில் பார்த்தது, ரோட்டுக்குக் கல் நட்ட மறுமாதமே இரண்டு பக்கமும் சைட் போர்டு நடுவார்கள். சாலையால் போகிற நிலத்தைவிட, சாலை வந்த காரணத்தால் விவசாயத்திலிருந்து வெளியேறுகிற நிலம் பல மடங்கு. மேற்குப் பக்கத்தில் சாலையின் இரண்டு ஓரமும் விவசாய மண்டலமாகவே இருக்கும், நில உபயோக மாற்றம் கிடையாது என்று உறுதியாக எழுதிவைத்தால் நான் இந்தச் சாலையை இன்னும் தைரியமாக ஆதரிப்பேன்.

நீர்நிலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊரில் நொய்யலிலிருந்து வாய்க்கால் பிரிந்து குளம் குளமாகத் தண்ணீர் போகும். கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று ஒன்றுக்கொன்று தொடர்பு. வாலாங்குளத்தின் மேல் ரயில் பாதையும் ரோடும் போவதைத் தினமும் பார்க்கிறோம். புதுக் கோடு போடுகிறவர்கள் வாய்க்காலை எங்கே வெட்டுகிறது என்று பார்த்து, அங்கே ஒரு குழாய்ப் பாலம் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தக் குழாயில் அடைக்கிற பிளாஸ்டிக்கையும் முட்செடியையும் எடுத்த ஆட்களைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு போதாது என்று.

பணத்துக்கு வருவோம். நிலமெடுப்பு என்றாலே 2013ஆம் வருட மத்தியச் சட்டம் நினைவுக்கு வரும். சந்தை மதிப்பு, அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகை, சமூகத் தாக்க ஆய்வு எல்லாம் அதில் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 2001ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ். அதையும் இன்னும் இரண்டு மாநிலச் சட்டங்களையும் மத்தியச் சட்டத்தின் நடைமுறைகளிலிருந்து மாநில அரசு விலக்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருடம் சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இதன் விளைவு: இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படி உண்டு, சமூகத் தாக்க ஆய்வு கிடையாது. ஆய்வு என்றால் ஊருக்குள் உட்கார்ந்து, யாருக்கு என்ன போகிறது என்று வாய்விட்டுக் கேட்கிற ஒரு நாள். பெரியவர் "எங்கிட்ட யாரும் கேக்கலீங்களே" என்றாரே, அந்தக் கேள்விக்கான இடம் அதுதான். அது இல்லாத இடத்தில் அந்தப் பேச்சு தெருவுக்கு வந்துவிடுகிறது.

சந்தை மதிப்பு என்கிறார்களே, அதிலும் ஒரு சிக்கல். அக்கம்பக்கத்துப் பத்திரங்களில் என்ன விலை எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதிவிட்டு மீதியைக் கையில் கொடுத்து வாங்குகிறோம். 2017 ஜூனில் அந்த வழிகாட்டி மதிப்பையே 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல்தான் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். அந்த இடைவெளியில் எழுதின பத்திரங்களை வைத்து ஒரு நிலத்துக்கு விலை போட்டால், இரண்டு மடங்கு கொடுத்தாலும் உரிமையாளருக்கு உண்மை விலை வராது. இதில் நம் பக்கத் தப்பும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வேறு வழியே இல்லையா? இருக்கிறது, நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1920ஆம் வருட மெட்ராஸ் நகரமைப்புச் சட்டத்தின் காலத்தில், ஒரு பகுதியை மொத்தமாக எடுத்துத் தெருவை முதலில் வரைந்து, பிறகு மனைகளைப் பிரிக்கும் பழக்கம் இருந்தது. தி.நகர் அப்படி வந்தது. நம் ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டையும் அதை வெட்டும் குறுக்குத் தெருக்களையும் நடந்து பாருங்கள். ஒரு தெருவாவது பாதியில் வேலியில் முட்டி நிற்கிறதா?

அகமதாபாத்தில் அந்த முறையை இன்றுவரை விடவில்லை. ஒரு பகுதியில் இருக்கிற எல்லோருடைய நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதிலிருந்து ரோடு, பூங்கா, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். மீதியைச் சீரான மனையாக அவரவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். நிலம் குறையும், ஆனால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். எல்லோருக்கும் ரோட்டு முகப்பு கிடைப்பதால் மதிப்பு கூடும். 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச்சாலைக்குப் பெரும்பகுதி நிலம் இப்படித்தான் கிடைத்தது. பெங்களூரில் பாருங்கள், 2000களின் நடுவில் அறிவித்த 73 கிலோமீட்டர் புறநகர் வட்டச் சாலை (பெரிபெரல் ரிங் ரோடு) நிலமெடுப்பிலேயே சிக்கி இன்னும் ரோடாகவில்லை. அந்தக் கோட்டுக்குள் மாட்டிய விவசாயிகளில் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் இப்படி நிலத்தை ஒன்றுசேர்க்கிற நிலத் தொகுப்புக்கு 2020இல் விதிகள் வந்திருக்கின்றன. கோவையில் பாதியில் நிற்கிற இந்த 60 அடி ரோடுகளில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி நூறு இருநூறு ஏக்கரில் இதைச் செய்து காட்டலாம். தோப்புக்காரருக்குக் கிணறு இருக்கிற பக்கமே நிலத்தை ஒதுக்கிக் கொடுத்து, ரோட்டைக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோகலாம். பல இடங்களில் பத்து மீட்டர் தள்ளினாலே ஒரு குடும்பம் தப்பிக்கும். வரைகிற மேசையிலிருந்து எழுந்து வந்து பார்த்தால்தான் அந்தப் பத்து மீட்டர் தெரியும்.

சத்தி ரோட்டில் தினமும் நிற்கிறவர் என்ற முறையில் நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கஷ்டம் உண்மை. உக்கடம் மேம்பாலம் 2024இல் திறந்தது, அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. இவையெல்லாம் இருக்கிற பெரிய ரோட்டை மேலே தூக்குகிற வேலை. கணபதியிலிருந்து விளாங்குறிச்சி போக வேண்டியவரும் காளப்பட்டி போக வேண்டியவரும் அதே சத்தி ரோட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் குறுக்கே போகிற 40 அடி, 60 அடி ரோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பாதியில் நிற்கிற அந்த முந்நூறு மீட்டர்களைச் சேர்த்துவிட்டால், ஆயிரம் கோடிப் பாலம் செய்வதில் ஒரு பங்கை அவை சத்தமில்லாமல் செய்யும் என்பது என் நம்பிக்கை. ஆகையால் தென்னந்தோப்புக்காரரும் நீங்களும் எதிரெதிர் கட்சி இல்லை. அவருக்கு நியாயமான விலை சீக்கிரம் கிடைத்தால் உங்களுக்கு ரோடு சீக்கிரம் கிடைக்கும்.

இனி உங்கள் 5 சென்ட். யாரோ சொன்னார்கள் என்பதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். இந்த மாதிரிப் பேச்சைக் கிளப்பிவிட்டுக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சர்வே எண்ணும் உட்பிரிவும் எது என்று பத்திரத்தில் பாருங்கள். புலப்படத்தை எடுங்கள். 2025இல் வந்த திட்டத்தின் வரைபடத்தில் அந்தச் சர்வே எண்ணைத் தேடுங்கள். 1994 திட்டத்தையும் அந்தப் பகுதியின் விரிவான வளர்ச்சித் திட்டத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும், பழைய கோடு புதியதில் நகர்ந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். மனைப்பிரிவு அப்ரூவல் ஆனதா, எந்த எண்ணில் ஆனது என்பதும் முக்கியம். அப்ரூவல் ஆன லே-அவுட் என்றால் அந்த ரோட்டை வரைபடத்திலேயே விட்டிருப்பார்கள், உங்கள் சைட் அதற்கு வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2016க்கு முந்தைய அப்ரூவல் இல்லாத மனை என்றால், பிறகு அதை வரன்முறை செய்து (முறைப்படுத்தி) கொடுத்த உத்தரவில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள்.

கோடு உண்மையாகவே உங்கள் சைட்டில் போகிறது என்று தெரிந்தால், எந்தத் திட்டம், எந்தத் தேதி அரசிதழ், நிலமெடுப்பு அறிவிப்பு வந்ததா என்ற மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பழைய கோடு, 3 ஆண்டு கடந்துவிட்டது, அறிவிப்பும் இல்லை என்ற பதில் வந்தால் 38ஆம் பிரிவைக் குறிப்பிட்டு விடுவிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அதே கோட்டில் இருக்கிற பக்கத்து சைட்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது பேர் சேர்ந்து போடும் வழக்கில் ஆளுக்கு வரும் செலவு தாங்கக்கூடியது. மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வராமல் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.